விண்கோளின் மூலமும் கணினியின் உரையும்

தோற்றுவாய்

ஏட்டுச்சுவடி ஒன்றனை முதன்முதற் கையில் எடுத்த மாணவன் திகைத்து நிற்றல் இயல்பு. சொற்கள் பிரிவின்றித் தொடர்ந்து கிடக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று என்பது எளிதில் விளங்காது. இடையிடையே செல்லரித்த துளைகளும் உண்டு. அச்சுவடியின்கண் அரியதொரு நூல் அடங்கியிருப்பது உண்மையே. ஆயினும், படிக்கவல்லான் ஒருவன் வந்து, எழுத்தைக் கண்டு, சொல்லைப் பிரித்து, சிதைவை அறிந்து, பொருளை உரைக்கும் வரையில் அந்நூல் இருந்தும் இல்லாததே யாகும்.

இந்நிலை பனையோலைக்கு மட்டும் உரியதன்று. நம் தலைக்குமேல் ஏறத்தாழ 850 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்தினின்று துருவத்திற்கு ஓடிக்கொண்டிருக்கும் வானிலைச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு நொடியும் நிலத்துக்கு விடுக்கும் செய்தியும் அத்தகைய சுவடியே. அவை நமக்கு மேகப் படங்களை அனுப்புவதாகப் பொதுவாகச் சொல்லுகின்றோம். உண்மையில் அவை அனுப்புவன படங்கள் அல்ல; இடைவெளியில்லாத எண்களின் நீண்ட வரிசை. அவ்வரிசையைப் படமாகவும் வெப்பநிலையாகவும் ஆக்கித் தருவது நிலத்தின்கண் உள்ள கணினியில் இயங்கும் மென்பொருள்.

அம்மென்பொருள் செய்யும் பணி யாது, அப்பணியிற் பிழை நேரின் விளைவது யாது என்பவற்றை, இலக்கிய மாணவராகிய யாம் அறிந்த அளவில் ஈண்டு விளக்க முயல்வோம். கருவிகளின் நுட்பம் முழுவதையும் கூறுதல் எமது கருத்தன்று. மூல எண் அறிவாக மாறும்போது அதனுள் மனிதருடைய தீர்ப்பு எத்துணை நுழைகின்றது என்பதையும், அத்தீர்ப்பு நேர்மையாக இருத்தற்கு வேண்டுவது யாது என்பதையும் காட்டுதலே கருத்து.

கோளின் நெறி

வானிலை ஆராயும் கோள்கள் இருவகைப்படும். ஒருவகை, நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் காலத்திற்கு ஒப்பச் சுற்றுதலின் ஓரிடத்தே நிற்பனபோல் தோன்றுவன. மற்றொருவகை துருவவழிக் கோள்கள். இவை ஏறத்தாழ 102 நிமிடத்திற்கு ஒருமுறையாக, நாளொன்றுக்குப் பதினான்கு முறை பூமியைச் சுற்றி வருகின்றன. கோள் ஒரு சுற்றை முடிப்பதற்குள் பூமி கிழக்கு நோக்கி ஏறத்தாழ 25 பாகை திரும்பிவிடுதலால், அடுத்த சுற்றிற் கோளுக்குக் கீழே வருவது மேற்கேயுள்ள வேறு நிலமாகும். தறியிலே நாடா ஓட ஓட ஆடை நிறைதல் போல, இங்ஙனம் ஓடும் கோளின் பார்வையில் ஒரு நாளுக்குள் உலகம் முழுவதும் நிறைகின்றது.

இந்நெறியில் மற்றும் ஒரு நயம் உண்டு. பூமி நடுவிற் சிறிது பருத்திருத்தலால், கோள் சுற்றும் தளம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை தானே திரும்பும்படி அதனை ஏவுதல் கூடும். அவ்வாறு ஏவப்பட்ட கோள் ஆண்டு முழுதும் சூரியனை ஏறத்தாழ ஒரே கோணத்தில் நோக்கிச் செல்லும். ஆதலின் ஓர் ஊரை இன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கண்டால் நாளையும் ஏறத்தாழ அந்நேரத்திலேயே காணும். இச்செய்தியை நேயர்கள் நினைவில் இருத்துக. பின்னர் இதனாலேயே ஒரு பெரும் பிழை நேர்ந்ததைக் காண்போம்.

தொலைவில் நிற்பதனினும் அண்மையில் நிற்பதே நுண்ணிதிற் காணும். காற்றிலுள்ள ஆக்சிஜன் தன் வெப்பத்திற்கேற்ப மிகமெல்லிய நுண்ணலைகளை வீசுகின்றது. மேகத்தையும் பெரும்பாலும் ஊடுருவி வரும் அவ்வலைகளை அளந்து, காற்று மண்டலத்தின் அடுக்குகள்தோறும் வெப்பநிலை அறிதற்குத் தாழ்ந்து செல்லும் துருவவழிக் கோளே ஏற்றதாயிற்று. ஆய்வுப் பலூன் ஏற்றுவார் இல்லாத பெருங்கடல்களின் மேலும் துருவ நிலங்களின் மேலும் காற்றின் நிலையை நாளும் சொல்லுவன இக்கோள்களே.

வரலாற்றை ஒருவாறு சுருங்கக் கூறுவோம். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அமெரிக்கர் ஏவிய டைராஸ்-1 முதல் வெற்றிகண்ட வானிலைக் கோள். அது துருவவழிச் சென்றதன்று. 78 நாளே பணிசெய்தது. 1963-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏவப்பட்ட டைராஸ்-8, சிறு நிலையம் உடையாரும் நேரே படம் பெறும் முறையை முதன்முதற் கொணர்ந்தது. 1964-இல் நிம்பஸ்-1 துருவவழி சென்றது. 1978-ஆம் ஆண்டு அக்டோபரில் டைராஸ்-என் என்னும் கோள் புதியதொரு மரபைத் தொடங்கிவைக்க, அதன்வழி வந்த நோவாக் கோள்கள் நாற்பதாண்டுக்கு மேலாக நின்று உழைத்தன. ஐரோப்பியர் 2006, 2012, 2018-ஆம் ஆண்டுகளில் மெடாப் கோள்கள் மூன்றனை ஏவினர்.

எண்ணின் பெருக்கு

இக்கோள்கள் தாங்கிய கருவிகளுள் ஏ.வி.எச்.ஆர்.ஆர். எனப்படும் ஒளியளவி ஒன்றனை எடுத்துக்கொள்வோம். அதன் ஆடி நொடிக்கு ஆறு முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும், கோள் செல்லும் திசைக்குக் குறுக்கே, ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் அகலமுள்ள நிலக்கீற்று ஒன்றனைத் துழாவி, அதனை 2,048 புள்ளிகளாகப் பகுக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஐந்து அலைவரிசைகளில் அளக்கப்படும்; ஒவ்வோர் அளவும் 0 முதல் 1,023 வரையுள்ள ஓர் எண்ணாகும்.

எனவே ஒரு வரிக்குப் படத்தின் பொருட்டு மட்டும் 10,240 எண்கள் எழும். நோவாக் கோள்கள் இவற்றோடு மற்றைக் கருவிகளின் அளவுகளையும், நேரத்தையும், கோளின் உடல்நிலையையும் சேர்த்து, வரியொன்றுக்கு 11,090 எண்களாக அனுப்பின. இத்தகைய எண் ஒவ்வொன்றையும் அத்துறையார் ‘சொல்’ என்றே வழங்குதல் நம்போன்ற மாணவர்க்கு இனிமை தருவதாம். ஒரு சொல்லுக்குப் பத்து இருமக் குறிகள். நொடிக்கு ஆறு வரிகள். ஆகவே நொடிதோறும் 6,65,400 குறிகள் வானொலி அலையாய் இறங்கின. கோள் ஒருமுறை கீழ்வானில் எழுந்து எதிர்வானில் மறையும் கால்மணி நேரத்துள் ஒரு நிலையம் பெறுவன ஏறத்தாழ அறுபது கோடி குறிகள். சுழியும் ஒன்றுமாக வரும் இவ்வெள்ளத்துள் மேகம் எங்கே? கடல் எங்கே? குறியைப் பார்த்து ஒருவன் சொல்லமுடியாது.

பிரித்தல்

மென்பொருளின் முதற்பணி, வரி தொடங்கும் இடத்தைக் காணுதல். இதற்கெனவே ஒவ்வொரு வரியின் தலையிலும் மாறாத அறுபது குறிகளைக் கோள் வைத்தனுப்பும். நூல்தோறும் முதலிற் காப்புச் செய்யுள் நிற்றல்போல இவ்வறுபது குறிகளும் வரிதோறும் முதலில் நிற்கும். மென்பொருள் வெள்ளத்தினூடே சென்று இவற்றைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து சொற்களை எண்ணத் தொடங்குகின்றது.

கேட்பதற்கு இஃது எளிது. ஆனால் கோள் கீழ்வானில் நிற்குங்கால் அலை மெலிந்து, சுழி ஒன்றாகவும் ஒன்று சுழியாகவும் திரிதல் உண்டு. அறுபது குறிகளும் ஒத்தால்தான் ஏற்பேன் என்று மென்பொருள் பிடிவாதம் கொள்ளின், ஒரு குறி திரிந்ததற்காக நல்ல வரிகள் பலவற்றை இழக்கும். பத்துக் குறி மாறினாலும் ஏற்பேன் என்று நெகிழ்ந்துவிடின், வெற்றிரைச்சலையும் வரியென்று மயங்கும். எத்துணைப் பிழையைப் பொறுப்பது என்பதை எந்திரம் தானே அறியாது; மென்பொருளை எழுதினோரே அதனை வரையறுத்தனர். ஆகவே மூலத்தினுள் மனிதருடைய தீர்ப்பு இம்முதற்படியிலேயே நுழைந்துவிடுகின்றது.

பிற்காலத்து மெடாப் கோள்களோ, ரீட், சாலமன் என்னும் இருவர் 1960-இல் வெளியிட்ட கணித முறையைத் தழுவி, திருத்துதற்கு வேண்டும் மிகைக்குறிகளையும் சேர்த்தே அனுப்புகின்றன. ஒரு பாட்டின் சீர் சிதைந்தவிடத்து எதுகையும் மோனையும் கொண்டு புலவர் அதனை மீட்டல்போல, அம்மிகைக்குறிகளைக் கொண்டு சிதைந்த எண்களை மென்பொருள் ஓர் எல்லைவரையில் மீட்கின்றது.

வரி கண்டபின், அதனுள் கலந்துகிடக்கும் கருவிகளின் எண்களை வேறுவேறாகப் பிரித்தல் வேண்டும். ஒளியளவியின் எண்களோடு நுண்ணலை அளவிகளின் எண்களும் இடையிடையே செருகப்பட்டிருக்கும். எவ்வரியின் எத்தனையாவது சொல் எக்கருவிக்கு உரியது என்னும் அட்டவணையைக் கொண்டு மென்பொருள் அவற்றைத் தனித்தனி ஏடுகளாக எடுத்து வைக்கின்றது.

இடம் அறிதல்

இனி, ஒரு புள்ளி பூமியில் எவ்விடத்தைக் குறிக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். கோள் இடத்தைச் சொல்லி அனுப்புவதில்லை என்று கொள்க, நேரத்தைச் சொல்லுகின்றது. அந்நேரத்தில் கோள் எங்கே இருந்தது என்பதைக் கணித்தே இடம் அறியப்படுகின்றது.

இதற்கு வேண்டும் நெறிக்கணக்கு உலகெங்கும் இரண்டே வரிகளில் எழுதப்பட்டு வழங்குகின்றது. ஒவ்வொரு வரியும் 69 எழுத்துக்குள் அடங்கும். நெறியின் சாய்வும், நீள்வட்டத்தின் அளவும், நாளொன்றுக்கு எத்தனை சுற்று என்பதும், காற்றின் உராய்வால் நேரும் மாற்றமும் எல்லாம் அவ்விரண்டு வரிகளுக்குள் செறிந்து கிடக்கின்றன. ஈரடியிற் பெரும்பொருள் அடக்குதல் நமக்குப் புதிதன்று. எனினும் விண்கோளின் ஓட்டமும் ஈரடியில் அடங்கும் என்பது வியப்பே.

நேரத்திற் சிறிது பிழை வரின் என்னாம்? கோளின் நிழற்புள்ளி நிலத்தின்மேல் நொடிக்கு ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர் ஓடுகின்றது. ஆகவே கோளின் கடிகாரம் ஒரு நொடி பிந்தினால் படம் முழுவதும் ஆறரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிடும். கோளின் உடல் ஒரு பாகை சாய்ந்தாலோ நேர்கீழே உள்ள நிலம் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் பிறழும். ஆதலின் அறிந்த கடற்கரையின் கோட்டைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்து, பொருந்தாதவிடத்துக் கடிகாரத்தையும் சாய்வையும் திருத்துவர். நிலமே இங்கு ஆசானாக நின்று கோளின் பிழையைக் காட்டுகின்றது.

அன்றியும், எல்லாப் புள்ளிகளும் அளவில் ஒத்தனவல்ல. நேர்கீழே நோக்குங்கால் ஒரு புள்ளி 1.1 கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தைக் குறிக்கும். கீற்றின் ஓரத்திலோ, பூமி வளைந்து செல்லுதலானும் பார்வை சாய்ந்து விழுதலானும், அது குறுக்குவாட்டில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டராக விரியும். ஓரத்திலுள்ள ஒரு சிறு மேகத்தை நடுவிலுள்ள மேகத்தோடு ஒப்பவைத்து எண்ணுதல் தகாது.

அளவு திருத்தல்

இடம் அறிந்தபின் எஞ்சுவது பொருள் அறிதல். ஒரு புள்ளிக்கு 412 என்னும் எண் வந்ததெனக் கொள்வோம். 412 என்பது யாது? வெப்பமா, ஒளியா? இரண்டும் அன்று. கருவியின்கண் எழுந்த மின்னழுத்தத்தை 1,024 படிகளாகப் பகுத்தவிடத்து அது நின்ற படியே 412. கருவியின் வெம்மை மாறின் அதே கடற்பரப்பிற்கு வேறோர் எண் வரும். மேலும் இவ்வளவியின் வெப்ப அலைவரிசைகளில் எண் பெருகப் பெருகப் பொருள் குளிர்ந்ததாம். இம்முறை அறியாதான் தண்மேகத்தை வெந்நிலம் எனக் கொள்வான்.

இவ்விடர்ப்பாட்டிற்குக் கருவி அமைத்தோர் செம்மையானதொரு வழி கண்டனர். ஆடி ஒவ்வொரு சுழற்சியிலும் பூமியை மட்டும் பாராது, தாம் முன்பே அறிந்த இரண்டு பொருள்களையும் பார்க்கும்படி செய்தனர். ஒன்று வெறும் விண்வெளி. அதன் வெப்பநிலை ஏறத்தாழ 3 கெல்வின் ஆதலின் அதிலிருந்து வரும் வெப்பக்கதிர் இல்லையெனவே கொள்ளலாம். மற்றொன்று கோளினுள்ளேயே வைத்த கரும்பரப்பு. அதன் வெப்பத்தை நான்கு பிளாட்டின வெப்பமானிகள் அளந்து சொல்லும். தண்மைக்கு ஓர் எண், அறிந்த வெம்மைக்கு ஓர் எண் என இரண்டும் கையில் இருக்க, அவற்றிற்கிடையே கோடு இழுத்து, 412 அக்கோட்டில் எங்கு நிற்கின்றது என்று மென்பொருள் காண்கின்றது. கோடு முற்றும் நேரன்று. அதன் சிறு வளைவைக் கோள் ஏவப்படுமுன்னரே ஆய்வகத்தில் அளந்து குறித்து வைப்பர். இங்ஙனம் பெற்ற கதிரளவை, மாக்ஸ் பிளாங்க் 1900-இல் கண்ட விதியால் வெப்பநிலையாக மாற்றுவர். அப்பொழுதுதான் 412 என்னும் ஊமை எண் வாய்திறந்து பேசுகின்றது.

கண்ணாற் காணும் ஒளியை அளக்கும் அலைவரிசைகட்கு இந்நல்வாய்ப்பு இல்லை. அவற்றிற்கு ஒப்புநோக்கும் விளக்கு எதனையும் இவ்வளவியினுள் வைத்திலர். ஆண்டு செல்லச் செல்லக் கருவியின் கூர்மை மழுங்கும். மழுங்கியதைக் கருவியே அறியாது. ஆதலின் மழையும் பசுமையும் இன்றி ஆண்டுதோறும் மாறாதிருக்கும் லிபியப் பாலைவனத்தை அளவுகோலாகக் கொண்டனர். பாலை மங்கித் தோன்றினால் மங்கியது பாலையன்று, கருவியே என்று தெளிந்து எண்களைத் திருத்தினர். ஒன்றுக்கும் பயன்படாதென்று உலகம் ஒதுக்கிய மணற்பரப்பு உலகத்தின் ஒளியை அளக்கும் கோலாயிற்று.

படிநிலைகள்

மேற்கூறிய பணிகள் அனைத்தையும் செய்தற்கு அமைந்த தொகுப்புகளுள் ஏ.ஏ.பி.பி. என்பது பெயர்பெற்றது. யூமெட்சாட் என்னும் ஐரோப்பிய அமைப்பின் சார்பில், பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் தலைமையில், பிரெஞ்சு வானிலைத் துறையாரும் பங்குகொள்ள, அது பேணப்பட்டு வருகின்றது. பெரும்பாலும் ஃபோர்ட்ரான், சி என்னும் கணினி மொழிகளில் எழுதப்பட்டது. வேண்டுவோர் விலையின்றிப் பெறலாம்.

அத்தொகுப்பு தன் வேலையைப் படிபடியாக வகுத்துக்கொண்டுள்ளது. கோள் அனுப்பியபடியே இருப்பது 0 என்னும் நிலை. கருவிவாரியாகப் பிரித்தது 1-ஏ. இடமும் அளவுக்கோடும் கணித்துச் சேர்த்தது 1-பி. வெப்பநிலையாக மாற்றியது 1-சி. பல கருவிகளின் அளவுகளை ஒரே கட்டத்தில் ஒருங்கே பொருத்தி, மேகம் உண்டு இல்லை என்னும் குறிப்பும் சேர்த்தது 1-டி. இவற்றுள் யாம் பெரிதும் பாராட்டுவது 1-பி என்னும் நிலை. அங்கே திருத்தத்திற்கு வேண்டும் எண்கள் மூல எண்களின் அருகே எழுதப்படுகின்றன. மூல எண்கள் அழிக்கப்படுவதில்லை. மூலம் மேலே நிற்க, உரை கீழே நிற்கும் நம் பழம் பதிப்புகளின் முறையே இஃது.

விரைவும் இதில் ஒரு பயன். கோள் தன் செய்தியைச் சேமித்துவைத்து, அலாஸ்காவிலோ வர்ஜினியாவிலோ உள்ள பெருநிலையத்தைக் கடக்கும்போது மொத்தமாக இறக்குதல் ஒருமுறை. அதனாற் காலம் கழியும். கோள் செல்லும் வழியெங்கும் உள்ள சிறு நிலையங்கள் நேரே பெற்று, தாமே 1-ஏ முதலிய படிகளைச் செய்து, உடனே வானிலைக் கணிப்போர்க்கு அனுப்பிவிடின் அரைமணிக்குள் பயன்படும். ஐரோப்பியர் 2002-இல் இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கினர். புயல் நகரும் நாளில் அந்த அரைமணியின் அருமை சொல்லவேண்டுவதில்லை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் சி.எஸ்.பி.பி. என்னும் தொகுப்பை அவ்வாறே பலர்க்கும் வழங்கி வருகின்றனர். செயற்கைக்கோள் வானிலையியலின் தந்தை எனப் போற்றப்படும் வெர்னர் சுவோமி பணிபுரிந்த இடம் அது. 2011-இல் ஏவப்பட்ட கோள் ஒன்றுக்கு 2012-இல் அவர் பெயரே இடப்பட்டது.

உரை பிழைத்த வரலாறு

நிற்க. இத்துணைத் திருத்தமும் செய்பவர் மனிதர் ஆதலின், திருத்தமே பிழையாதலும் உண்டு. அதற்குச் சான்றாக ஒரு வரலாறு கூறுவோம்.

டைராஸ்-என் மரபுக் கோள்களில் இருந்த நுண்ணலை அளவி, காற்றின் வெப்பநிலையை 1978-ஆம் ஆண்டின் இறுதி தொட்டு அளந்து வந்தது. அலபாமாவிலுள்ள அறிஞர் ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி என்னும் இருவர், நாளைய வானிலைக்கென எடுத்த அவ்வளவுகளை ஆண்டுக்கணக்கிற் கோத்து, உலகம் வெம்மையுறுகின்றதா என்று காண முற்பட்டு, 1990-இல் தம் முடிவை வெளியிட்டனர். புதியதொரு வழியைத் திறந்த பெருஞ்செயல் அது. பின்வந்த ஆண்டுகளில் அவர்தம் வரிசை, நிலத்தின் வெப்பமானிகள் வெம்மையைக் காட்டத் தாழ்காற்று மண்டலம் சற்றே குளிர்வதாகக் காட்டிற்று. எது மெய்? உலகோர் வழக்காடினர், இரு திறத்தாரும் இவ்வெண்களையே மேற்கோளாகக் காட்டினர்.

1998-இல் கலிபோர்னியாவைச் சார்ந்த ஃபிராங்க் வெண்ட்ஸ், மத்தியாஸ் ஷாபெல் என்போர் ஒரு குறையைக் கண்டனர். மெல்லிய காற்றின் உராய்வாற் கோள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து வந்தது. தாழ்வதனாற் பார்க்கும் கோணம் மாற, அம்மாற்றம் பொய்யான குளிர்ச்சியாகக் கணக்கில் ஏறியிருந்தது. பின்னர் 2005-இல் கார்ல் மியர்ஸும் வெண்ட்ஸும் மற்றொன்று கண்டனர். கோள் ஓரிடத்தை ஒரே நேரத்திற் காணும் என்று முன்னர்க் கூறினோம் அல்லவா? உண்மையில் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நேரம் நழுவுகின்றது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கண்ட கோள் சில ஆண்டுகளுக்குப் பின் மாலையிற் காணும். மாலைக் குளிர்ச்சியை உலகத்தின் குளிர்ச்சியென மயங்காதிருக்க ஒரு திருத்தம் வேண்டும். அத்திருத்தத்தை முன்னையோர் செய்திருந்தனர். ஆனால் தாழ்காற்று மண்டலத்திற்கு அதன் குறி மாறிப்போயிருந்தது. கூட்டவேண்டியவிடத்துக் கழித்திருந்தனர்.

ஸ்பென்சரும் கிறிஸ்டியும் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினர். பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.09 டிகிரி என்றிருந்த வெப்ப ஏற்றம் 0.12 டிகிரி ஆயிற்று. சிறிய எண்ணே, ஆயினும் உலகநாடுகள் தம் கொள்கையை வகுத்தற்கு நோக்கிநின்ற எண் அது. இப்பிழை வெளிப்பட்டது எங்ஙனம்? மூல எண்கள் ஒருவர் பெட்டியிற் பூட்டப்படாமல் இருந்தன. வேறொருவர் அவற்றையே எடுத்து வேறோர் உரை எழுதினார். இரண்டு உரையும் மாறுபட்டவிடத்து உண்மை தேடப்பட்டது.

ஐயுற்றும் அழிக்காமை

மற்றொரு வரலாறும் உண்டு. 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில், அண்டார்க்டிகாவில் ஹாலி என்னும் நிலையத்திலிருந்து ஆய்ந்த ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்லின் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் மூவர், வசந்தகாலத்தில் அங்கு ஓசோன் பெரிதும் குறைந்துவருவதை வெளியிட்டனர். உலகம் திடுக்குற்றது. 1978 முதல் துருவவழிச் சென்று ஓசோனை அளந்துகொண்டிருந்த நிம்பஸ்-7 இதனைச் சொல்லாதது ஏன் என்று வினவினர். மென்பொருள் அவ்வெண்களைக் குப்பையென்று எறிந்துவிட்டது என்னும் கதையும் பரவிற்று. இன்றும் பலர் அங்ஙனமே சொல்வர்.

உண்மை அதனினும் நுட்பமானது. அதற்குமுன் எவரும் 180 டாப்சன் அலகுக்குக் கீழ் ஓசோனை அளந்ததில்லை ஆதலின், அதற்குக் குறைந்த அளவு வரின் ‘ஐயத்திற்குரியது’ என்று குறியிடும்படி மென்பொருளை எழுதியிருந்தனர். குறியிட்டது; ஆனால் அழிக்கவில்லை. குறியிட்ட எண்கள் குவிவதை அவ்வறிஞர்களும் கண்டு ஆராய்ந்துகொண்டிருந்தனர். மூலம் அழியாதிருந்தமையால், மீண்டும் அதனை ஓதி, ஓசோன் குறைவு ஓரிடத்ததன்று, துருவக் கண்டமளவு பரந்தது என்பதை 1986-இல் படத்தோடு நிறுவினர். ‘முன்னர்க் கண்டதில்லை’ என்பதும் ‘இருக்கமுடியாது’ என்பதும் வேறுவேறு. முன்னதைக் குறித்துவைத்தல் அறிவு. பின்னதைக் கொண்டு அழித்தல் அறியாமை.

மூலம் காத்தலின் பயன்

1964-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏவப்பட்ட நிம்பஸ்-1 ஒரு மாதங்கூட முற்றப் பணிசெய்யவில்லை. அது எடுத்த படங்கள் படச்சுருள்களாய்ப் பேழைகளில் உறங்கின. ஏறத்தாழ அரைநூற்றாண்டு சென்றபின், கொலராடோவிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையத்தார் அச்சுருள்களைத் தேடியெடுத்து, கணினியில் ஏற்றி, இடத்தைத் திருத்தி, 1964-ஆம் ஆண்டு செப்டம்பரில் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடற்பனியின் பரப்பை அளந்தனர். கோளை ஏவினோர் கடற்பனியை எண்ணி ஏவவில்லை. அளந்தோர் பலர் அக்கோள் பறந்த நாளிற் பிறந்துமிலர். படித்தற்குரிய மென்பொருளும் அன்று இல்லை. மூலம் மட்டும் இருந்தது, அதுவே போதியதாயிற்று.

1998-இல் ஏவிய நோவா-15, 2005-இல் ஏவிய நோவா-18, 2009-இல் ஏவிய நோவா-19 என்னும் மூன்று முதுகோள்களும் 2025-ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றன. அவற்றோடு டைராஸ்-என் தொடங்கிய மரபு முடிவுற்றது. சிறு கம்பியும் எளிய வானொலிப் பெட்டியும் கொண்டே அவற்றின் குரலைக் கேட்டு மேகம் வரைந்த மாணவரும் ஆர்வலரும் உலகெங்கும் பல்லாயிரவர். அக்குரல் இனி வாராது. ஆயின் அவை அனுப்பிய எண்கள் காக்கப்பட்டுள்ளன. நாளை இன்னொரு பிழை காணப்படின், இன்னொரு முறை அவற்றை முதலிலிருந்து ஓதலாம்.

முடிவுரை

இவற்றால் நாம் அறிவது யாது? கருவி பொய் சொல்லாது, எண் மயங்காது என்று எண்ணி, எண்ணைக் கண்டவுடன் தலைவணங்குதல் இக்காலத்தார் பலர்க்கு இயல்பாயிற்று. ஆனால் வெற்றெண் ஒன்றும் சொல்லுவதில்லை. எங்கு வரி தொடங்கிற்று, எந்நேரம், எவ்விடம், எவ்வளவு வெப்பம் என்னும் ஒவ்வொன்றும் ஒருவர் கருதிச் செய்த திருத்தத்தின் பின்னரே நமக்குக் கிட்டுகின்றது. அதுகொண்டு, எல்லாம் மனிதர் கற்பனையே என்று கைவிடுதலும் தகாது. கடற்கரையும், வெறுவெளியும், பாலை மணலும் அத்திருத்தத்திற்குச் சான்றாய் நிற்கின்றன.

நல்ல உரைக்கு வேண்டுவன மூன்று என யாம் கருதுகின்றோம். மூலத்தை அழியாது காத்தல் ஒன்று. எவ்விடத்து எதனைத் திருத்தினோம் என்பதை மறையாது எழுதிவைத்தல் இரண்டு. பிறர் பிழை காட்டியவழி நாணாது ஏற்றல் மூன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்கள் ஏடுதோறும் தேடி, ஒப்புநோக்கி, மூலத்தையும் உரையையும் பேணித் தந்த முறையைப் போற்றிக் கற்கும் நமக்கு இம்மூன்றும் புதியன அல்ல. ஓலையைப் படிப்பவனுக்கும் விண்கோளின் அலையைப் படிப்பவனுக்கும் அறம் ஒன்றே. நம்முட் சிலர் நாளை ஏடுகளைப் பதிப்பிப்போம். அறிவியற்பிரிவில் நம்மோடு பயில்வோருட் சிலர் இத்தகைய மென்பொருளை எழுதுவர். இருவரும், கையில் வந்த மூலத்தைத் தமக்குப்பின் வருபவன் மீண்டும் ஓதிப்பார்க்கும்படி விட்டுச்செல்வோமாக.